ஒப்பந்தம் அழைக்கும், வரி அட்டவணை வழியனுப்பும்



ஏதேனும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதெல்லாம் நம் நாட்டில் இரண்டு குரல்கள் எழுகின்றன. அந்நிய முதலீடு வந்து குவியப்போகிறது என்பது ஒன்று. உள்நாட்டுத் தொழில் அழிந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டுமே ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு. பணத்தோடு வருகிறவர் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை. பின்னிணைப்பாகக் கிடக்கும் வரி அட்டவணையைப் படிக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே நம் சொந்தச் சுங்க வரி அட்டவணையையும் விரித்து வைத்துக்கொள்கிறார். இரண்டும் ஒத்துப்போனால் வருகிறார். ஒன்றோடொன்று மோதினால், அந்த மோதலில் எந்த ஊருக்கு லாபம் என்று கணக்குப் போட்டு அந்த ஊருக்குப் போய்விடுகிறார். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். இதற்குச் சான்று தேடி ஜெனீவாவுக்குப் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் போதும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் நிறுவனத்தின் வீட்டு உபயோகப் பொருள் ஆலை இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி ஆகியவை 2017இல் அங்கே உருவாகிக்கொண்டிருந்தன. தொலைக்காட்சியை எடுத்துக்கொள்வோம். அதன் உயிர்நாடி 'ஓப்பன் செல்' எனப்படும் திரை. பின்னொளி விளக்கோ சட்டமோ பொருத்தப்படாத மெல்லிய கண்ணாடிப் பலகை அது. அப்போது இந்தியாவில் அதை யாரும் தயாரிக்கவில்லை. கொரியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ கன்டெய்னரில் வந்தாக வேண்டியிருந்தது. ஒரு தொலைக்காட்சியின் அடக்க விலையில் பாதிக்கும் மேல் இந்த ஒரே பாகத்துக்குப் போகிறது.

2017 டிசம்பரில் மத்திய அரசு முழுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கான இறக்குமதி வரியை 20 சதவீதமாக உயர்த்தியது. உள்நாட்டு உற்பத்தியைக் காக்கும் நோக்கம். 2018 பிப்ரவரி பட்ஜெட்டில், அதுவரை வரியே இல்லாதிருந்த ஓப்பன் செல்லுக்கு 10 சதவீதம் வரி வந்தது. தொழில்துறை முறையிட்டதும் மார்ச் மாதமே அது 5 சதவீதமாகக் குறைந்தது. இதுவும் உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பதற்காகவே போடப்பட்ட வரி. ஆனால் இதே காலத்தில் ஆசியான் நாடுகளோடு 2010இல் நடைமுறைக்கு வந்த நம் ஒப்பந்தமும் உயிரோடு இருந்தது. அதன்படி வியட்நாமிலிருந்து வரும் முழுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வரி பூஜ்யம்.

கணக்கு எளிது. திரையை மட்டும் கொண்டுவந்து சுங்குவார்சத்திரத்தில் பெட்டியாக்கினால் வரி உண்டு. அதே திரையை வியட்நாமில் பெட்டியாக்கிச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கினால் வரி இல்லை. சாம்சங்குக்கு இரண்டு ஊரிலும் ஆலை இருந்தது. 2018இன் பிற்பகுதியில் இங்கே தொலைக்காட்சி உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அரசு ஓப்பன் செல் வரியை நீக்கியது. 2020 ஜூலையில் தொலைக்காட்சி இறக்குமதிக்கே உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த அக்டோபரில் ஓப்பன் செல்லுக்கு மறுபடியும் 5 சதவீதம் வரி போட்டது. பூஜ்யம், பத்து, ஐந்து, பூஜ்யம், மறுபடியும் ஐந்து. மூன்றே ஆண்டுக்குள் ஒரு பாகத்தின் வரி இத்தனை முறை மாறியது. ஓர் ஆலையைத் திட்டமிட்டு, நிலம் வாங்கி, கட்டி, ஆள் பழக்கி, முதல் பொருளை வெளியே அனுப்பவே இரண்டு மூன்று ஆண்டாகும் தொழில் இது.

இது முதல் முறையும் அல்ல. 2004 செப்டம்பரில் தாய்லாந்தோடு முன்னோட்டமாக 82 பொருள்களுக்கு வரிக் குறைப்பு தொடங்கியது. அதில் தொலைக்காட்சி உண்டு. அந்த ஆண்டே சோனி நிறுவனம் ஹரியாணாவின் தாருஹேராவில் இருந்த தன் தொலைக்காட்சி ஆலையை மூடிவிட்டுத் தாய்லாந்திலிருந்து இறக்குமதி செய்யத் தொடங்கியது. பதினோர் ஆண்டு கழித்து, 2015இல், ஃபாக்ஸ்கான் மூலமாக ஸ்ரீபெரும்புதூரில் மீண்டும் தொலைக்காட்சி தயாரிக்க வந்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டில் தாருஹேராத் தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த வர்த்தக ஆய்வறிக்கையும் பேசுவதில்லை.

இந்த இரண்டு நிகழ்விலும் ஒப்பந்தத்தைக் குற்றம் சொல்வது எளிது. நான் அதை ஏற்கவில்லை. விருந்தாளிக்கு வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சமையற்கட்டைப் பூட்டி வைத்த வீடு போல நம் வரி அமைப்பு இருந்தது. முழுப் பொருளுக்கு வரியை விலக்கிவிட்டு உதிரி பாகத்துக்கு வரியை வைத்துக்கொண்டால், ஒப்பந்தம் நமக்கு எதிராகவே வேலை செய்யும். தலைகீழ் வரி அமைப்பு என்று இதற்குப் பெயர். அதிகாரிகள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பது வணிக அமைச்சகம். பட்ஜெட்டில் வரி போடுவது நிதி அமைச்சகம். இரண்டு அட்டவணையையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே தெளிவாக இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். வரிச்சுவரை உயர்த்தியதால் முதலீடு வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததற்குத் தடையற்ற வர்த்தகம் காரணமல்ல. வெளிநாட்டுக் காரை இறக்கி விற்க முடியாதபடி சுவர் உயரமாக இருந்தது. உள்ளே நுழைய வேண்டுமானால் உள்ளேயே தயாரித்தாக வேண்டும். ராபர்ட் முண்டெல் 1957இலேயே இதைக் கோட்பாடாக எழுதிவிட்டார்: சரக்கு எல்லையைத் தாண்ட முடியாவிட்டால் மூலதனம் தாண்டும். கைபேசியிலும் இதைக் கண்டோம். 2017 முதல் கைபேசிக்கு இறக்குமதி வரி படிப்படியாக உயர்ந்து 20 சதவீதமானது. 1996இன் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்குக்கு இது முரண் என்று ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2023 ஏப்ரலில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 முதல் செயலிழந்து கிடப்பதால் வழக்கு அப்படியே தொங்குகிறது. இதற்கிடையில் ஐஃபோன்கள் சுங்குவார்சத்திரத்தில் உருவாகி உலகெங்கும் போகத் தொடங்கிவிட்டன.

ஆகவே சுவரும் வேலை செய்யும். ஆனால் சுவரைத் தாண்டி வருகிற முதலீடு நம் சந்தையை நாடி வருவது. சந்தையின் அளவுக்கு மேல் அது வளராது. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு அது சிறிய விஷயமில்லைதான். வியட்நாமுக்கோ இலங்கைக்கோ அந்த வசதி கிடையாது. ஏற்றுமதிக்காக வருகிற முதலீடு வேறு இனம். அது சுவரை வெறுக்கும். உதிரி பாகம் தடையின்றி உள்ளே வர வேண்டும், முழுப் பொருள் தடையின்றி வெளியே போக வேண்டும், போய்ச் சேரும் நாட்டிலும் வரி குறைவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். கைபேசி ஏற்றுமதி பெருகத் தொடங்கியதும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 ஜனவரியில் பல உதிரி பாகங்களுக்கான வரி 15இலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஜூலை பட்ஜெட்டில் கைபேசி வரியே 20இலிருந்து 15 ஆனது. சுவரைக் காட்டி அழைத்தவர்களே சுவரை இறக்க வேண்டி வந்தது.

இனி வியட்நாமுக்குப் போவோம். ஒப்பந்தங்கள் ஒரு நாட்டை முதலீட்டாளர் கண்ணில் எப்படி மாற்றுகின்றன என்பதற்கு நம் காலத்தில் அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1994 பிப்ரவரியில்தான் அமெரிக்கா வியட்நாம் மீதான வணிகத் தடையை நீக்கியது. தடை போனாலும் வரி போகவில்லை. அமெரிக்காவில் வியட்நாம் பொருளுக்குச் சராசரியாக 40 சதவீத அளவுக்கு வரி இருந்தது. 2000 ஜூலையில் இருதரப்பு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2001 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சராசரி சில சதவீதமாக இறங்கியது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவுக்கான வியட்நாமின் ஏற்றுமதி இரு மடங்கைத் தாண்டியது. செருப்பும் ஆடையும் தைக்கிற கொரிய, தைவான் நிறுவனங்கள் வரிசையில் வந்து நின்றன.

வரி குறைந்ததைவிட முக்கியமான ஒன்று அந்த ஒப்பந்தத்துக்குள் இருந்தது. அக்காலத்தில் வியட்நாமில் இரட்டை விலை முறை இருந்தது. மின்சாரத்துக்கும் தொலைபேசிக்கும் தண்ணீருக்கும் உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு கட்டணம். இவ்வளவு உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்து, இவ்வளவு ஏற்றுமதி செய் என்ற நிபந்தனைகளும் இருந்தன. இவற்றைக் குறித்த காலத்துக்குள் கைவிடுவதாக வியட்நாம் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு 1995இல் விண்ணப்பித்த உலக வர்த்தக அமைப்பின் உறுப்பினர் தகுதிக்காகத் தன் சட்டங்களை வரிசையாகத் திருத்தியது. உள்நாட்டு முதலீட்டாளருக்கு ஒரு சட்டம், அந்நியருக்கு ஒரு சட்டம் என்றிருந்ததை ஒன்றாக்கி 2005இல் பொது முதலீட்டுச் சட்டம் இயற்றியது. 2007 ஜனவரி 11ஆம் நாள் 150ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது.

ஹனோய் அரசு தானாகவே இந்தச் சட்டங்களைத் திருத்தியிருக்கலாமே, ஒப்பந்தம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தானாகத் திருத்துகிறவர் தானாகவே மாற்றிக்கொள்ளவும் முடியும். வெளி நாட்டோடு எழுதிக் கொடுத்த பிறகு மாற்றினால் விலை கொடுக்க வேண்டும். முதலீட்டாளர் வாங்குவது அந்தப் பிடிமானத்தைத்தான். இன்றைய விதி ஐந்தாண்டு கழித்தும் இருக்கும் என்ற நம்பிக்கை வேறெந்தச் சலுகையாலும் கிடைக்காது. இன்டெல் நிறுவனம் 2006இல் ஹோ சி மின் நகரில் நூறு கோடி டாலர் ஆலையை அறிவித்தது. சாம்சங் 2008இல் பாக் நின் மாகாணத்தில் கைபேசி ஆலைக்கு அனுமதி பெற்று மறு ஆண்டே உற்பத்தியைத் தொடங்கியது. இன்று வியட்நாமின் மிகப்பெரிய அந்நிய முதலீட்டாளர் சாம்சங்தான்.

ஆனால் அறிவிப்பையும் வரவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த உற்சாகத்தில் 2008இல் வியட்நாமில் பதிவான அந்நிய முதலீட்டு உறுதிமொழி 6,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு உண்மையில் உள்ளே வந்த பணம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் மாநிலத்திலும் முதலீட்டாளர் மாநாடு முடிந்ததும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் தொகை தலைப்புச் செய்தியாகிறது. அந்தத் தொகையைப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். மூன்றாம் ஆண்டில் எத்தனை ஆலைக்கு மின் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

வியட்நாமின் அடுத்த கட்டம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோற்ற விதி என்று ஒன்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உண்டு. ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று தீர்மானிக்கும் விதி அது. ஆசியான் நாடுகளோடு நாம் போட்ட ஒப்பந்தத்தில் இந்த விதி தளர்வானது. பொருளின் மதிப்பில் 35 சதவீதம் அந்த வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும், சுங்க வகைப்பாட்டில் துணைத் தலைப்பு மாறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்றுமதி செய்யும் நாட்டு அதிகாரி ஒரு சான்றிதழில் முத்திரை வைத்தால் சென்னைத் துறைமுகத்தில் வரி இல்லை. 2020 செப்டம்பரில்தான் அந்தச் சான்றிதழுக்குப் பின்னாலுள்ள கணக்கையும் இறக்குமதியாளர் வைத்திருக்க வேண்டும் என்று நாம் விதி கொண்டுவந்தோம்.

2019இல் வியட்நாமுக்கு நடைமுறைக்கு வந்த பசிபிக் கூட்டு ஒப்பந்தத்தில் ஆடைக்கான விதி கடுமையானது. நூலிலிருந்தே உறுப்பு நாடுகளில் செய்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் வந்த ஐரோப்பிய ஒப்பந்தத்தில் துணியிலிருந்து செய்திருக்க வேண்டும். வியட்நாமோ சீனத் துணியை வாங்கித் தைத்து அனுப்பிக்கொண்டிருந்த நாடு. இந்த விதி தம்மைக் கட்டிப்போட்டுவிடும் என்று அங்குள்ள தையல் ஆலைகள் அஞ்சின. அது பாதிதான் நடந்தது. பேச்சுவார்த்தை நடக்கும்போதே நூற்பாலைகளும் நெசவாலைகளும் சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வியட்நாமுக்கு இடம் பெயரத் தொடங்கின. விதி கடுமையாக இருந்ததாலேயே ஒரு முழுத் தொழில் அடுக்கு உள்ளே வந்தது. ஐரோப்பாவோடு பேசும்போது, கொரியத் துணியையும் வியட்நாம் துணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்ற விலக்கையும் வாங்கிக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்தவர்கள் தையல் ஆலையின் தரையை அறிந்தவர்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இதைத் திருப்பூர்க்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். வியட்நாமுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நூல் முதல் பின்னலாடை வரை முழுச் சங்கிலியும் கொங்கு வட்டாரத்திலேயே உண்டு. கடுமையான தோற்ற விதி நமக்கு இடைஞ்சல் இல்லை, சாதகம். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் 51,000 டன் ஆஸ்திரேலியப் பஞ்சு வரியின்றி வர வழி செய்யப்பட்டது. உயர்தர ஆடைக்கு வேண்டிய நீள இழைப் பஞ்சு நமக்குப் பற்றாக்குறை. ஆகவே இது சரியான திசையில் வைத்த அடி. வெளியே ஆடைக்குச் சலுகை கேட்கும்போதே உள்ளே பஞ்சுக்கும் கதவைத் திறக்கும் சிந்தனை தொலைக்காட்சி விஷயத்தில் நமக்கு இல்லாமல் போனது.

வியட்நாமை மாதிரி நாடாக நான் இங்கே நிறுத்தவில்லை. அதன் ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கும் மேல் அந்நிய நிறுவனங்களுடையது. உள்ளூர் நிறுவனங்கள் பெரும்பாலும் அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் பாகமும் தரும் நிலையைத் தாண்டவில்லை. 2023 மே, ஜூனில் வடக்கு வியட்நாமில் மின்வெட்டு வந்தபோது பாக் நின் தொழிற்பேட்டைகள் இருளில் நின்றன. எந்த ஒப்பந்தமும் அணையில் தண்ணீரை நிரப்பித் தராது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வியட்நாம் மீது 46 சதவீத வரி அறிவித்தது. பேசிப் பேசி அது 20 ஆனது. வேறு நாட்டுச் சரக்கு வியட்நாம் வழியாகத் திருப்பி விடப்பட்டால் 40. எழுதிக் கொடுத்த பிடிமானம் இரு தரப்பையும் கட்டினால்தான் பிடிமானம். வலிய நாடு தன் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டால் சிறிய நாட்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்து முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள். வர்த்தக ஒப்பந்தத்தோடு சேர்த்தே இவற்றைப் பேசுகிறோம் என்றாலும் இவை தனி வகை. 1959இல் ஜெர்மனியும் பாகிஸ்தானும் போட்டதுதான் முதல் இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம். அரசு தன்னை நியாயமாக நடத்தவில்லை என்றால், அந்நாட்டு நீதிமன்றத்துக்கு வெளியே, சர்வதேச நடுவர் மன்றத்தில் அரசின் மீதே வழக்குத் தொடுக்க முதலீட்டாளருக்கு இவை உரிமை தருகின்றன.

இவை இல்லாவிட்டால் முதலீடு வராது என்று சொல்லப்படுகிறது. பிரேசில் 1990களில் பதினான்கு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது, ஒன்றைக்கூட அதன் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் வளரும் நாடுகளில் மிக அதிக அந்நிய முதலீடு பெறும் நாடுகளில் ஒன்றாக அது நீடிக்கிறது. வியட்நாமும் ஐரோப்பிய ஒன்றியமும் 2019 ஜூனில் வர்த்தக ஒப்பந்தம், முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்திட்டன. முதலாவது மறு ஆண்டே நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, ஒவ்வொரு உறுப்பு நாடும் ஏற்க வேண்டும் என்பதால் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. அதற்காக ஐரோப்பிய நிறுவனங்கள் வியட்நாமுக்குப் போகாமல் நிற்கவில்லை.

ஆனால் நம் அனுபவம் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. வோடஃபோன் நிறுவனத்தின் வரி வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே வருமான வரிச் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். அந்த ஒரு திருத்தம் இந்தியாவின் பெயருக்குச் செய்த கேட்டை எந்த முதலீட்டாளர் மாநாட்டாலும் சரிசெய்ய முடியவில்லை. நெதர்லாந்து ஒப்பந்தத்தின் கீழ் வோடஃபோனும், பிரிட்டன் ஒப்பந்தத்தின் கீழ் கெய்ர்ன் நிறுவனமும் 2020இல் நடுவர் மன்றத்தில் வென்றன. கெய்ர்ன் தன் பணத்துக்காகப் பாரிஸில் இந்திய அரசின் கட்டடங்களை முடக்கும் அளவுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை விலக்கிக்கொண்டது. வெளியிலிருந்து ஒரு பிடி இருந்திராவிட்டால் இது நடந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. வேறு வழக்குகளால் முன்பே எரிச்சலுற்றிருந்த மத்திய அரசு, 2016இலும் 2017இலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இருந்த முதலீட்டு ஒப்பந்தங்களை முறித்துக்கொள்ள அறிவிப்பு அனுப்பியது. தனது புதிய மாதிரியில், முதலீட்டாளர் ஐந்தாண்டு இந்திய நீதிமன்றங்களில் முயன்ற பிறகே வெளியே போகலாம் என்று வைத்தது. 2024இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அது மூன்றாண்டாகக் குறைந்தது. நம் நீதிமன்றங்களின் வேகத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பேரத்தின் பொருள் புரியும்.

இந்த ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போது மட்டக்களப்பைக் கடந்து போக முடியாது. உலகெங்கும் முதலீட்டுச் சட்டம் பயிலும் மாணவர்கள் முதலில் படிக்கும் வழக்குகளில் ஒன்று அங்கே பிறந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஓர் இறால் பண்ணை இருந்தது. ஹாங்காங் நிறுவனம் ஒன்று அதில் பங்கு வைத்திருந்தது. 1987 ஜனவரி 28ஆம் நாள் இலங்கைப் பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையில் பண்ணை அழிந்தது. பண்ணைத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார மக்களும் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனும் இலங்கையும் 1980இல் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தம் ஹாங்காங்குக்கும் பொருந்தும் என்பதால் அந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அரசோடு தனி உடன்படிக்கை எதுவும் இல்லாமல், நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு சர்வதேச முதலீட்டுத் தகராறு மையத்தில் தீர்க்கப்பட்ட முதல் வழக்கு அதுதான். தாக்குதலுக்கு முன் அமைதியான வழிகளைக் கையாண்டிருக்க வேண்டும், உரிய அக்கறை காட்டத் தவறியது அரசு என்று 1990 ஜூனில் தீர்ப்பு வந்தது. பங்குதாரர் நிறுவனத்துக்கு 4,60,000 டாலரும் வட்டியும் கிடைத்தன.

பண்ணையில் பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு மன்றம் இருந்தது. பண்ணையில் வேலை செய்து செத்தவரின் குடும்பத்துக்கு அந்த மன்றத்தில் இடமில்லை. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் என்னால் இதைத் தாண்டிப் போக முடிவதில்லை. முதலீட்டாளருக்குப் பாதுகாப்புத் தருவது தவறென்று நான் சொல்லவில்லை. அதே ஒப்பந்தத்தில், அதே இடத்தில் உழைப்பவருக்கும் குறைந்தபட்சம் ஒரு குரல் இருந்தாக வேண்டும் என்கிறேன். தொழிலாளர் உரிமை பற்றிய அத்தியாயங்கள் இப்போதைய ஒப்பந்தங்களில் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் அரசுகள் தமக்குள் கலந்து பேசுவதோடு அவை முடிந்துவிடுகின்றன. வழக்காடும் உரிமை மூலதனத்துக்கு மட்டும்.

இப்போது நம் முன்னிருக்கும் புதிய சோதனைக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச் 10ஆம் நாள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலீட்டைத் தொகையாகவே எழுதிச் சேர்த்த ஒப்பந்தம் இது. பத்தாண்டில் 5,000 கோடி டாலர், அடுத்த ஐந்தாண்டில் இன்னொரு 5,000 கோடி டாலர், பத்து லட்சம் நேரடி வேலைகள் என்று இலக்கு. பங்குச் சந்தையில் போட்டு எடுக்கிற பணம் கணக்கில் வராது. இலக்கு எட்டப்படாவிட்டால், பல கட்டக் கலந்துரையாடலுக்குப் பிறகு இந்தியா தன் வரிச் சலுகையைத் திரும்பப் பெறலாம்.

துணிச்சலான முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் பேர்ன் நகரில் உள்ள அரசு ஒரு சுவிஸ் மருந்து நிறுவனத்தை இந்தியாவில் ஆலை கட்டு என்று உத்தரவிட முடியாது. நிறுவனம் தானே கணக்குப் போட்டு வர வேண்டும். அந்தக் கணக்கில் நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை, தொழிற்பயிற்சி, தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் வரும். இவற்றில் பெரும்பகுதி மாநில அரசின் கையில் இருப்பவை. அயல்நாட்டு ஒப்பந்தம் போடும் அதிகாரமோ முழுக்க மத்திய அரசுடையது. அதை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் எந்த மாவட்டத்தில் எந்தத் தொழிலைத் தொடும் என்று மாநிலங்களைக் கேட்காமலேயே கையெழுத்துப் போடுகிறோம். ஆலை வந்தால் மாநிலம் வரவேற்புப் பலகை வைக்கிறது. ஆலை போனால் வேலையிழந்தவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார், வணிக அமைச்சகத்துக்குப் போவதில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ஓர் ஒப்பந்தத்தில் எந்த முழுப் பொருளுக்கு வரியைக் குறைக்கிறோமோ, அந்தப் பொருளின் உதிரி பாகங்களுக்கு அதைவிடக் கூடுதல் வரி இருக்கக் கூடாது. வரிக் குறைப்பு முழுமையடையும் ஆண்டுவரை பட்ஜெட்டில் அந்த வரியைத் தொடுவதில்லை என்று நிதி அமைச்சகமும் சேர்ந்து வாக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் வரைவு அட்டவணையை மாநிலத் தொழில் துறைகளுக்கு அனுப்பி அவற்றின் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இதில் முதல் வேலையைப் பொருளியல் துறை மாணவர்களே தொடங்கலாம். சுங்க அட்டவணையின் 85ஆம் அத்தியாயம் மின்சாதனங்களுக்கு உரியது. தொலைக்காட்சி, கைபேசி, சார்ஜர், கம்பி, திரை அனைத்தும் அதில் வரும். நம் நாட்டு வரி, ஆசியான் ஒப்பந்த வரி, கொரிய ஒப்பந்த வரி, ஜப்பான் ஒப்பந்த வரி நான்கும் பொதுவெளியில் கிடைக்கின்றன. நான்கையும் வரிக்கு வரி அருகருகே வைத்து, எந்தெந்த இடத்தில் முழுப் பொருளைவிட உதிரி பாகத்துக்கு வரி கூடுதலாக இருக்கிறது என்று குறித்துப் பட்டியல் தயாரியுங்கள். கணினி தெரிந்த நான்கைந்து பேர் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். அந்தப் பட்டியலை நவம்பருக்குள் மாநிலத் தொழில் துறைக்குக் கொடுத்துவிட்டால், பட்ஜெட்டுக்கு முந்தைய கலந்தாய்வுக்கு டெல்லி போகிற நம் அமைச்சரின் கையில் அது இருக்கும். ஆசிரியர்கள் அனுமதித்தால் அந்த வேலையில் உங்களோடு உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன்.